தூசியை வீட்டுக்குள்ள விடாதீங்க

விருத்தாசலம்னா வெளியூர்க்காரங்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் பீங்கான் பொம்மையும்தான் ஞாபகம் வரும். நம்ம பக்கம் ஒரே வீட்டில் ஒருத்தர் முந்திரிக் கொல்லைக்கும் இன்னொருத்தர் பீங்கான் கம்பெனிக்கும் போறது சகஜம். கொல்லைப் புழுதியும் கம்பெனித் தூசியும் ஒண்ணுன்னு நினைக்கிறோம். அது தப்பு.

பீங்கான் மண்ணில் குவார்ட்ஸ் தூள் கலக்குறாங்க. அதிலுள்ள சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, தழும்பாகி மூச்சை அடைக்கும். இதுதான் சிலிகோசிஸ். வந்தபிறகு குணமாக்க மருந்து கிடையாது. காசநோயும் சுலபமா ஒட்டிக்கும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே இந்த நோய் இருந்துச்சு.

தூசியை அடக்குறது முதலாளி பொறுப்பு. ஈரமா வேலை செய்யணும், உறிஞ்சு விசிறி வைக்கணும், என்95 முகக்கவசம் தரணும். மூக்கில் துண்டு கட்டினால் நுண்தூள் நிக்காது.

வீட்டிலும் நாலு பழக்கம் வேணும். வேலைத்துணியை வாசலிலேயே மாத்துங்க. உதறாம தண்ணியில நனைங்க. குளிச்சப்புறம் பிள்ளையைத் தூக்குங்க. பீடியை விடுங்க. சூளையில் கை சுட்டால் பேஸ்ட், இங்க் எதுவும் தடவாம, குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இருமல் 2 வாரம் தாண்டினா சளிப் பரிசோதனை செய்யுங்க. டாக்டர் கேக்காட்டியும் "பீங்கான் வேலை பாக்குறேன்"னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வழிகாட்டும்.