யார் கையிலிருந்து பறிக்கச் சொல்கிறீர்கள்?

கைப்பேசியையும் செயலியையும் வைத்துக்கொண்டு யாரும் தாமாக ஒரு மொழியைக் கற்றுவிட முடியாது. ஆசிரியர் வாய்வழி வராத மொழி மொழியே ஆகாது. ஆகவே விடுதியிலும் நூலகத்திலும் இந்தப் பழக்கத்துக்கு இடம் தரக் கூடாது. நெல்லையில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அண்மையில் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். அவருடைய ஆங்கிலப் புலமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தாம் பாடம் நடத்திய அறையின் நான்கு சுவர்களுக்கு வெளியே யாரும் எதையும் கற்பதில்லை என்ற நினைப்பு அந்தக் கட்டுரையின் வரிக்கு வரி தெரிகிறது. அந்த நினைப்பு தவறு. பலரைப் பாதிக்கக்கூடிய தவறு.

"நம் முன்னோர் கருவியை நம்பியா கற்றார்கள்?" என்று கேட்கிறார். ஆம், நம்பித்தான் கற்றார்கள். ஒரு காலத்தில் சொற்பொருள் அறிய நிகண்டுதான் வழி. செய்யுளாக இருக்கும் அதை ஆசிரியர் முன் உட்கார்ந்து உருப்போட வேண்டும். உருப்போடாதவருக்கு அது திறக்காத பெட்டி. அன்றைய நெல்லைச் சீமையின் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், 1732இல் 'சதுரகராதி'யை உருவாக்கினார். சொற்கள் அகரவரிசையில் நின்றன. எழுத்தறிந்த எவரும், யாரையும் கேளாமல், வேண்டிய சொல்லைத் தாமே தேடிக்கொள்ள முடிந்தது. தனியே கற்பவருக்கு அந்த வரிசை எவ்வளவு பெரிய கருவி! அதற்கும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பு, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் என்றீக்கே என்றீக்கசு, தமிழைப் போராடிக் கற்று, பின்னால் வருகிறவர்களுக்காக இலக்கணம் எழுதிவைத்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. இலக்கண நூல், அச்சு, அகராதி என ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தின் தொழில்நுட்பமே. பேராசிரியரின் மேசையில் இருக்கும் ஆங்கில அகராதியும் அந்த வழியில் வந்ததுதான். தமக்கு வாய்த்த கருவி கல்வி, அடுத்த தலைமுறைக்கு வாய்த்தது கேடு என்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்து, ஆசிரியர் வாய்வழி. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்துவிட்டு நேர்முகத் தேர்வில் இரண்டு வாக்கியம் கோக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கிடைத்ததும் ஆசிரியர் வாய்வழிதான். ஐம்பது பேர் வகுப்பில், நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில், ஒரு பிள்ளைக்கு வாய் திறந்து பேச ஒரு நிமிடம்கூடத் தேறாது. இது ஆசிரியரின் குற்றமன்று, கணக்கு அப்படி. அந்தக் கணக்கைப் பற்றிப் பேராசிரியர் ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த வகுப்பும் கிடைக்காதவர்களுக்கு என்ன வழி? முக்கூடலில் பீடி சுற்றும் பெண் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மடியில் சுளகு. இலையைச் சுருட்டித் தூளை அடைத்து நூல் சுற்றி முனையை மடக்கும் விரல்கள் நிற்பதே இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுவரில் சாய்த்துவைத்த போனில் ஓர் ஆங்கில உரையாடல் ஓடுகிறது. ஒரு காதில் மட்டும் ஹெட்செட், இன்னொரு காது வாசலில் விளையாடும் குழந்தைக்காக. புரியாத வாக்கியம் வந்தால் சுண்டுவிரலால் திரையைத் தட்டிப் பத்து விநாடி பின்னால் போகிறார். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து மறுபடி கேட்கிறார். உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறார். சரியாக வரும்வரை விடுவதில்லை. மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது அவர் வைராக்கியம். நெல்லை டவுனில் இருக்கும் பேச்சு ஆங்கில வகுப்புக்கு அவர் போக வேண்டுமென்றால் பஸ் கட்டணம், வகுப்புக் கட்டணம், அரை நாள் கூலி மூன்றும் போகும். இவர் கையிலிருக்கும் போனைத்தான் "சோம்பேறிகளின் ஊன்றுகோல்" என்கிறார் பேராசிரியர். வாய் கூசவில்லையா?

செயலி வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்பது அவரது மூன்றாவது குற்றச்சாட்டு. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தம்மையே சோதித்து எழுதிவிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் சொல் மனத்தில் தங்கும். 2006இல் வெளிவந்த ஆன்கி போன்ற மென்பொருள்கள் செய்வது இதைத்தான்: நீங்கள் மறந்த சொல் நாளையே வரும், நினைவிருந்த சொல் சில நாள் கழித்து வரும், நன்றாகப் பதிந்தது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஐம்பது பிள்ளைகளுக்கு ஐம்பது விதமாக இப்படிக் கணக்கு வைக்க எந்த ஆசிரியராலும் இயலாது. அந்த வேலையைக் கருவியிடம் விட்டால்தான் ஆசிரியருக்குப் பிள்ளையோடு பேச நேரம் கிடைக்கும்.

பேராசிரியர் வாழும் பாளையங்கோட்டையிலேயே, அஸ்க்வித் அம்மையார் 1890இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலும் ஒரு தொழில்நுட்பம்தான் என்பதை அந்த ஊர்க்காரர் மறக்கலாமா? திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைத் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவர். அது ஆங்கிலத்தையும் தமிழையும் படிக்கும். கேட்டால் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகவும் சொல்லும். பார்வையற்ற மாணவர், வாசித்துக்காட்ட ஆள் வரும்வரை காத்திராமல் ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலைத் தாமே சரிபார்க்கிறார். இந்தத் தற்சார்பையும் சேர்த்தா தடைசெய்யச் சொல்கிறீர்கள்?

அவர் சொன்னதில் இரண்டு உண்மைகள் உண்டு. 'முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி மோசடி. குட்டி வீடியோக்கள் பிள்ளைகளின் நேரத்தை விழுங்குவதும் மெய். ஆனால் போலி மருந்து விற்கிறார்கள் என்பதற்காக யாரும் மருத்துவமனையை மூடுவதில்லை. பிள்ளைக்கு வேண்டியது பக்கத்தில் அக்கறையோடு நிற்கும் ஒரு மனிதர். சுகதா மித்ராவும் ரிது டாங்வாலும் 2010இல் வெளியிட்ட காளிக்குப்பம் ஆய்வு இதைத்தான் காட்டியது. தமிழ் பேசும் கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இருந்த உயிரியல் பாடத்தைக் கணினியில் தாமே துழாவிக் கொஞ்சம் கற்றார்கள். பாடமே தெரியாத ஒருவர் உடனிருந்து ஊக்கம் கொடுத்ததும் டெல்லித் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையாக வந்தார்கள். ஒரே ஆய்வை வைத்து எல்லாம் முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கருவியா மனிதரா என்று பேராசிரியர் போட்ட சண்டை பொய்ச்சண்டை என்பதற்கு இது போதும்.

நூலகத்தில் தடை கேட்கிறார் அவர். நான் கேட்பது இது: பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் முதல் அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் கிளை நூலகங்கள் வரை ஒரு மேசையில் நான்கு கணினி, நான்கு ஹெட்செட், இணையம் இல்லாமலும் ஓடும் மொழிப்பாடங்கள், பார்வையற்றோருக்கான மென்பொருள். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், தாமாகக் கற்றவர்கள் தயங்காமல் பேசிப் பழக ஓர் இடம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பேராசிரியரே வரட்டும். ஆசிரியர் வாய்வழி அவ்வளவு உயர்ந்தது என்று அவர் நம்புவது உண்மையானால், அதைக் கேட்க வழியில்லாதவர்களிடம் முதலில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். அதைச் செய்யாதவரை அவர்கள் கையிலிருக்கும் போனைக் குறை சொல்லும் தகுதி அவருக்கு இல்லை.