கைபேசி காவல்காரன்தான், வைத்தியன் அல்ல

பல் போனால் சொல் போச்சு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் வரவேற்புரை சொல்ல மேடையேறியபோது எனக்கு அது நன்றாகவே விளங்கியது. கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு இல்லாமல் ‘சங்கத்தின் சார்பில்’ என்று சொல்லிப் பாருங்கள். என் நிலைமை புரியும். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். அந்த இரண்டு பற்களும் சொத்தையால் போனவை அல்ல. ஒருநாள்கூட வலித்ததில்லை. ஈறு நோயால் ஆடி ஆடி விழுந்தவை.

அதற்கு முன் நாலைந்து ஆண்டுகளாகவே பல் துலக்கித் துப்பும்போது இரத்தம் கலந்திருக்கும். பிரஷ் முரடு என்று நினைத்து மெத்தென்ற பிரஷ் வாங்கினேன். பிறகு பற்பசையை மாற்றினேன். கடைசியில், இரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படாமலே துலக்கப் பழகிக்கொண்டேன். இதுதான் நான் செய்த பெரும் பிழை என்று ராஷ்பிஹாரி அவென்யூப் பக்கத்தில் வைத்தியம் பார்க்கும் பல் மருத்துவர் அம்மையார் பின்னால் சொன்னார். இரத்தம் வந்தால் அந்த இடத்தை இன்னும் கவனமாகச் சுத்தம் செய்ய வேண்டுமாம். நாமோ நோய்க்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கிறோம்.

அவர் எனக்கு விளக்கியதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அன்றன்றைக்குத் துடைத்துவிட்டால் போயிற்று. விட்டு வைத்தால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துக்கொண்டு சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடும். காரை ஏறிவிட்டால் எந்தப் பிரஷும் அதை அசைக்காது. முதலில் ஈறு சிவந்து வீங்கும், இரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் கவனித்தால் முழுதும் குணமாகிவிடும். கவனிக்காவிட்டால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல் ஆகும். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இத்தனையும் பெரும்பாலும் வலியில்லாமலே நடந்துவிடுகிறது என்பதுதான் இந்த நோயின் வஞ்சகம். புகை பிடிப்பவர்களுக்கு இரத்தக் கசிவுகூடக் குறைவாகத்தான் தெரியும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கோ இரட்டைத் தொல்லை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது. ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது.

இது ஏதோ என் ஒருவனின் குறை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய் நல அறிக்கை, கடுமையான ஈறு நோய் உள்ளவர்கள் உலகில் 100 கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறது. நம் ஊரில் மிஷ்டி உண்டு, பான் உண்டு, ஜர்தா உண்டு. பல் துலக்குவதற்கென்றே புகையிலைத் தூளான ‘குல்’ விற்கும் கிழக்கிந்தியப் பகுதியில் வாழ்கிறோம். நம் நிலைமை எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவர்களுக்குப் பஞ்சமா என்றால், இல்லை. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியே இந்த ஊரில்தான் 1920இல் டாக்டர் ரபியுதீன் அகமது அவர்களால் தொடங்கப்பட்டது. இன்றும் அவர் பெயரோடு சியால்தா அருகே நடந்து வருகிறது. பஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது. நாளைக்கு இரண்டு வேளை என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 730 தடவை பல் துலக்குகிறோம். ஈறு நோய் வந்தவர் மருத்துவரிடம் போவது ஆண்டுக்கு மிஞ்சி மிஞ்சிப் போனால் நான்கு தடவை. நான்கு தடவை காரை எடுப்பது அவர் பொறுப்பு. 730 தடவை படலம் துடைப்பது நம் பொறுப்பு. வைத்தியம் தோற்பது பெரும்பாலும் அந்த நான்கில் அல்ல, இந்த 730இல்தான்.

என் கதையும் அதுதான். நான்கு அமர்வுகளில் ஈறுக்கு அடியில் வேர் வரை காரையைச் சுரண்டி எடுத்தார்கள். ‘கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும்’ என்று லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது எனக்குப் புத்தி சொல்லாத நண்பர் இல்லை. காரை போன பிறகு பற்களுக்கிடையே சந்து தெரிவதும், சிறிது ஆட்டம் உணர்வதும் உண்மைதான். ஆனால் அந்த ஆட்டம் கிளீனிங் கொடுத்ததல்ல. எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்ததைக் காரை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. சிகிச்சை முடிந்ததும் அம்மையார் ஒரு சீட்டில் எல்லாம் எழுதிக் கொடுத்தார்: பிரஷை ஈறு விளிம்பில் சாய்த்துப் பிடி, இரண்டு நிமிடம், இரவில் கட்டாயம், பற்சந்துகளுக்குச் சின்னப் பிரஷ், மூன்று மாதத்தில் மறுபடி வா. சீட்டைப் பத்திரமாக வைத்தேன். எவ்வளவு பத்திரம் என்றால், அடுத்து அதைப் பார்த்தது எட்டு மாதம் கழித்துத்தான். அதற்குள் காரை மறுபடி ஏறிவிட்டது.

அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பேத்தி, “தாத்தா, போனைக் கொடுங்க” என்று வாங்கி, பல் துலக்கலுக்கென்றே உள்ள ஒரு செயலியைப் பதிந்து கொடுத்தாள். ‘பல் விளக்கக்கூடவா போன்?’ என்று நான் கேலி செய்தேன். இப்போது சொல்கிறேன், அந்தக் கேலி தவறு.

காலை 7 மணிக்கும் இரவு 9.30க்கும் மணி அடிக்கும். துலக்கத் தொடங்கியதும் நேரம் ஓடும். முப்பது விநாடிக்கு ஒருமுறை வாயின் அடுத்த பகுதிக்குப் போகச் சொல்லும். எனக்கு இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. அதுவரை நாற்பது விநாடியில் முடித்துவிட்டு இரண்டு நிமிடம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எந்த இடத்தில் இரத்தம் வந்தது என்று பல் படத்தில் குறித்துக்கொள்ளலாம். அடுத்த தடவை மருத்துவரிடம் போக வேண்டிய தேதியை ஒரு வாரம் முன்பே சொல்லும். மறதிக்காரனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன?

ஆனால் இதே செயலியின் குறையையும் நானே கண்டேன். மழை நாள் இரவுகளில் களைப்பாக இருக்கும். மணி அடிக்கும். எழுந்திருக்காமலே ‘முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்துவிடுவேன். கைபேசிக்குப் பொய் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? மூன்று மாதம் கழித்து மருத்துவரிடம் பெருமையாகக் காட்டினேன். நாட்காட்டி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அவர் அளவுக் கோடுகள் உள்ள மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டுப் பார்த்தார். கீழே இடதுபுறம் இரத்தம் கசிந்தது. “போன் பாஸ் போட்டுவிட்டது, ஈறு பெயில் போட்டுவிட்டதே” என்றார். வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து பொய்ப் பொத்தான் அழுத்துவதில்லை.

நம் சங்க நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது இதைவிட வருத்தமானது. பற்களைப் படம் எடுத்து அனுப்பினால் நிலைமை சொல்லும் செயலி ஒன்றை அவர் நம்பினார். பெரிய குறை இல்லை என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போட்டார். கடைசியில் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. கைபேசியின் கண் ஈறுக்கு வெளியே உள்ளதைத்தான் பார்க்கும். ஈறின் பை எவ்வளவு ஆழம் என்பதைக் கம்பி விட்டுத்தான் அளக்க முடியும்; எலும்பின் நிலையை எக்ஸ்ரேதான் காட்டும். காரையை எடுக்க எந்தச் செயலிக்கும் கை கிடையாது.

இங்கிலாந்தில் ஒரு பல் மருத்துவர் உருவாக்கிய ‘பிரஷ் டி.ஜே.’ என்ற செயலி, துலக்கும் இரண்டு நிமிடமும் நமக்குப் பிடித்த பாட்டைப் போடும். அதைப் பயன்படுத்தியவர்களைக் கேட்டு 2015இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பல் முன்பைவிடச் சுத்தமாக இருப்பதாக உணர்கிறோம் என்று பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் சுத்தமாக உணர்வது வேறு, ஈறு ஆறுவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால் என் நண்பரின் கதிதான் நமக்கும்.

ஆகவே என் கருத்து இதுதான்: கைபேசி காவல்காரன், வைத்தியன் அல்ல. காவல்காரன் வேண்டாம் என்பது அறியாமை. காவல்காரனிடமே வைத்தியம் பார்ப்பது அதைவிடப் பெரிய அறியாமை. ஒரு வைத்தியத்துக்கும் அடுத்த வைத்தியத்துக்கும் நடுவில் உள்ள நாட்களில்தான் அவனுக்கு வேலை.

இன்னும் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒன்று மொழி. என் மனைவி ஊரில் தமிழ்வழியில் படித்தவர். இங்கே வந்து வங்காளியில் பேரம் பேசக் கற்றுக்கொண்டார். ஆனால் ஆங்கிலத்தில் கட்டளையிடும் செயலி அவருக்கு எதற்கு ஆகும்? ஈறு நோய் அவருக்கும் உண்டு, சர்க்கரையும் உண்டு. எய்ம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் ‘இ-தந்த் சேவா’ என்ற வாய் நலச் செயலியைத் தொடங்கியபோது மகிழ்ந்தவன் நான். அரசும் தனியாரும் இத்தகைய முயற்சிகளைத் தமிழிலும், எழுத்துத் தெரியாதவருக்குக் குரலிலும் கொடுத்தால்தான் அவை உண்மையில் மக்களுக்கானவை ஆகும்.

மற்றொன்று அந்தரங்கம். பல் துலக்கும் செயலி, நான் இருக்கும் இடத்தையும் என் நண்பர்களின் தொலைபேசி எண்களையும் எதற்குக் கேட்கிறது? என் கடைவாய்ப்பல்லுக்கும் என் சம்பந்தி வீட்டு எண்ணுக்கும் என்ன உறவு? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கேட்டதற்கெல்லாம் ‘சரி’ என்று அழுத்தாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இலவசப் பல் மருத்துவ முகாம்கள் நடத்துகிறோம். வருகிறார்கள், வாயைக் காட்டுகிறார்கள், ஒரு பற்பசைக் குழாயை வாங்கிக்கொண்டு போகிறார்கள். மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் திரும்ப மருத்துவரிடம் போனார்கள் என்று நாம் கேட்டதுண்டா? அடுத்த முகாமின்போது நம் இளைஞர்கள் நாலு பேர் ஒரு மேசை போட்டு உட்காரட்டும். ஒவ்வொரு பெரியவரின் கைபேசியிலும் காலை ஒன்று, இரவு ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று என்று மணி வைத்துக் கொடுக்கட்டும். இதற்குத் தனிச் செயலிகூடத் தேவையில்லை. எல்லாக் கைபேசியிலும் உள்ள அலாரமே போதும். துலக்கும் முறையை இரண்டு நிமிடத் தமிழ்ப் பேச்சாகப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதைக் கேட்டுக்கொண்டே துலக்கலாம். பேச்சு முடியும்போது துலக்கலும் முடியும். குரல் கொடுக்க நான் தயார். இப்போது கட்டுப்பல் வந்துவிட்டது. ‘சங்கத்தின் சார்பில்’ என்பதைத் தெளிவாகவே சொல்கிறேன்.

இருந்தாலும், சொந்தப் பல்லுக்கு ஈடில்லை. எனக்கு மிச்சமிருப்பவை இருபத்து மூன்று. உங்களுக்கு எத்தனை என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். துப்பும்போது நிறத்தையும் பாருங்கள். சிவப்பாக இருந்தால் கைபேசியை எடுங்கள், செயலியைத் தேட அல்ல. முதலில் பல் மருத்துவரிடம் நேரம் வாங்க. மணி வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.