கமிரீதுவில் அரங்கம் மீண்டும் எழ வேண்டும்

கென்யா தேசத்தின் பேரெழுத்தாளரும், ஆதிக்கம் ஒரு ஜனசமூகத்தின் மனத்தில் எவ்விதம் குடியேறுகிறதென்பதை ஆயுள் முழுவதும் ஆராய்ந்த சிந்தனையாளருமான கூகி வா தியாங்கோ 2025 மே 28ஆம் தேதி அமெரிக்காவில் காலமானார். அவருக்காக நகரத்து மண்டபங்களில் சொற்பொழிவுகள் நிகழ்வதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆயினும், அவருக்குரிய விழா அவர் பிறந்த வட்டாரத்துக் கமிரீது கிராமத்தில், ஒரு சனி ஞாயிறில், அவ்வூர் ஜனங்களே பாடியும் ஆடியும் நடத்துகிற கலை விழாவாக இருக்க வேண்டும் என்பதும், அங்கே கென்ய சர்க்கார் இடித்துத் தள்ளிய அரங்கம் அச்சர்க்காரின் உதவியோடு மீண்டும் எழ வேண்டும் என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

லிமுரு பக்கத்திலுள்ள அந்தக் கிராமம், அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய மாவ் மாவ் வீரர்களுக்குக் குடியானவர்களிடமிருந்து உதவி கிட்டாமற் செய்யும் பொருட்டு, 1950களில் பிரிட்டிஷார் ஜனங்களைப் பெயர்த்துக் கொணர்ந்து நெருக்கிக் குடியமர்த்திய ஊர்களில் ஒன்று. சுதந்திரம் வந்த பின்னும் அங்கிருந்தவர்களில் பலர் தேயிலைத் தோட்டங்களிலும் செருப்புத் தொழிற்சாலையிலும் கூலிக்கு உழைப்பவர்களாகவே இருந்தனர். 1976இல் அவ்வூர்ப் பெண்மணி ஒருவர், பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கூகியின் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்து, கிராமத்துக் கலாசார நிலையத்துக்கு அவர் ஏதேனும் செய்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியதன் பலனாகவே, கூகி வா மிரீயுடன் சேர்ந்து அவர் கிக்கூயூ மொழியில் ‘ங்காஹிகா ந்தேந்தா’ என்ற நாடகத்தை எழுதினார். எழுதியவர்கள் இருவரேயாயினும், வசனத்தில் பிழைபட்ட வழக்கைத் திருத்தியவர்கள் ஊர்ப் பெரியவர்கள். தொழிலாளியின் வாழ்க்கை இப்படியல்ல என்று எடுத்துரைத்தவர்கள் தொழிலாளர்கள். இரண்டாயிரம் பேர் அமரத்தக்க திறந்தவெளி அரங்கத்தைத் தம் கைகளாலேயே கட்டி முடித்தவர்களும் அவர்களே. ஒத்திகைகள்கூட ஊரார் எல்லோருடைய முன்னிலையிலும், வேலையில்லாத ஓய்வு நாட்களிலேதான் நடந்தன. படித்தவன் எழுதிக் கொடுக்கப் பாமரன் பார்த்துவிட்டுப் போவதே கலை என்ற பழைய ஏற்பாடு அங்கே அடியோடு மாறிற்று.

இதைத்தான் சர்க்காரால் சகிக்க முடியவில்லை. 1977 அக்டோபர் 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அரங்கேறிய நாடகம் நவம்பர் 16ஆம் தேதி தடை செய்யப்பட்டது. அவ்வருஷக் கடைசி நாளில் கூகி கைதாகி, விசாரணையின்றி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் சிறையிலிருந்தார். அதுவரை ஆங்கிலத்தில் நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றிருந்த அவரைச் சர்க்கார் தொடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. குடியானவருக்குப் புரியும் பாஷையில், குடியானவரோடு சேர்ந்து எழுதிய பின்னரே சிறை வந்தது. அங்கே கழிவறைக் காகிதத்தில் அவர் எழுதிய நாவல்தான் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் தமிழர்களும் படித்து உணர்ந்தது. 1982இல் கமிரீதுக் குழுவினரின் இரண்டாவது நாடகத்துக்கு நைரோபியிலுள்ள தேசிய அரங்கின் கதவு திறக்கப்படவில்லை. மார்ச் மாதத்தில் ஆயுதந்தாங்கிய போலீசார் கமிரீதுவின் அரங்கத்தைத் தரைமட்டமாக்கினார்கள்.

2022இல் முதல் நாடகம் நைரோபியின் தேசிய அரங்கிலேயே மேடையேறியதே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். அந்த நிகழ்ச்சியை நாம் வரவேற்கிறோம். ஆனால் தலைநகரில் சீட்டு வாங்கிப் பார்ப்பவர்களுக்குக் காட்டுவது வேறு, பறிக்கப்பட்டதைப் பறிகொடுத்தவர்களிடம் திருப்பித் தருவது வேறு. நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டில் ஓர் இனத்தாரின் பாஷைக்கு மட்டும் விழாவா என்பது இதனினும் கனமான ஆட்சேபம். இதற்கு விடை கமிரீதுவின் அந்த இரண்டாவது நாடகத்திலேயே இருக்கிறது: அதில் கென்யாவின் வெவ்வேறு இனத்தாருடைய பாடல்கள் இடம் பெற்றன. தன் மொழியை நேசிப்பவன் அண்டை வீட்டாரின் மொழியை வெறுக்க வேண்டியதில்லை என்பதை ஆயுள் முழுவதும் வலியுறுத்தியவரின் பெயரால் நடக்கும் விழாவில், லுவோ, கம்பா, சுவாஹிலி முதலிய பாஷைகளின் பாட்டும் கூத்தும் ஒலிப்பதற்கு என்ன தடை?

அரங்கம் நின்ற இடத்தில் இன்று தொழிற்பயிற்சிக்கூடம் இருக்கிறது. அதை அகற்றும்படி எவரும் கேட்கவில்லை. பக்கத்தில் நிலம் ஒதுக்கி, பொருளுதவி செய்து, கட்டும் பொறுப்பையும் நடத்தும் அதிகாரத்தையும் கிராமத்தாரிடமே விட்டுவிடுவதும், 1982இல் செய்தது தவறென்று பகிரங்கமாக ஒப்புக்கொள்வதுமே வேண்டியவை. நாடகம் அரங்கேறிய ஐம்பதாவது ஆண்டு நிறைவான 2027 அக்டோபர் 2ஆம் தேதி சனிக்கிழமையாகவே வருகிறது. 1977இல் வாலிப வயதில் அந்த மேடையில் நின்றவர்கள் இப்போது எழுபதைத் தொட்டவர்கள். அவர்கள் கண்காண விழா நடக்க வேண்டுமானால், அஸ்திவாரம் இந்த வருஷமே இடப்பட வேண்டும்.