இரண்டாவது வீட்டின் வாடகை தவணையைக் கட்டுமா?

கடன் முழுதும் அடைந்து, மாதாமாதம் வாடகை தந்துகொண்டிருக்கும் ஒரு வீடு கையில் இருக்கிறது. அதை அடமானம் வைத்து இன்னொரு வீடு வாங்குங்கள், அந்த வீட்டின் வாடகையே கடனை அடைத்துவிடும், பிறகு அதையும் வைத்து மூன்றாவது வாங்கலாம். இந்த யோசனை இன்று யூடியூப் காணொளிகளிலும் வீட்டுமனைக் கண்காட்சிகளிலும் கல்யாண வீட்டுப் பந்திகளிலும் ஒரே குரலில் கேட்கிறது. 'பாஸிவ் இன்கம்' என்று பெயரும் வைத்தாயிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியர், மின்வாரிய ஊழியர், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் என்று ஆயுள் உழைப்பை ஒரே வீட்டில் போட்டு வைத்திருப்பவர்களிடம்தான் இது அதிகம் சொல்லப்படுகிறது. அதனால்தான் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அவர்கள் சொல்வது: "உங்கள் சொத்தில் ஒரு கோடி ரூபாய் தூங்கிக்கொண்டிருக்கிறது, அதை எழுப்பி வேலை வாங்குங்கள்." வீடு தூங்கவில்லை. வாடகை தருகிறது. மனையின் விலை ஏறினால் அந்த ஏற்றமும் உங்களுக்கே சேர்கிறது. நீங்கள் அடமானம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த ஏற்றத்தில் ஒரு ரூபாய் கூடப் போவதும் இல்லை, குறையப் போவதும் இல்லை. அடமானத்தில் கைக்கு வருவது வங்கியின் பணம். உங்கள் வீடு அதற்குப் பிணையாக நிற்கிறது. "என் வீட்டுப் பணத்தைத்தானே எடுக்கிறேன்" என்ற நினைப்பில் கையெழுத்துப் போடுபவர்கள், எடுத்த மாதத்திலிருந்தே வட்டி ஓடத் தொடங்குவதைத் தாமதமாகத்தான் உணர்கிறார்கள்.

அடுத்தது, மொத்த யோசனையும் நிற்கிற தூண்: வாடகையே தவணையைக் கட்டும் என்பது. இதைச் சென்னைக் கணக்கில் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

தாம்பரம் பக்கம் ஒரு கோடி ரூபாய் பெறும் ஒரு வீடு. மாத வாடகை 25,000. அதாவது ஆண்டுக்கு 3 லட்சம், மதிப்பில் 3 சதவீதம். நம் நகரங்களில் குடியிருப்பு வீட்டின் வாடகை பெரும்பாலும் மதிப்பில் 2 முதல் 4 சதவீதத்துக்குள்தான் நிற்கிறது. இந்த வீட்டின் பேரில் 60 லட்சம் அடமானக் கடன், வட்டி 10 சதவீதம், காலம் 15 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 64,500 ரூபாய். அந்த 60 லட்சத்தில் 55 லட்சத்துக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு வாங்கலாம். மீதி 5 லட்சம் பதிவிலேயே போய்விடும். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்த பிறகும், மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் 9 சதவீதம் ஆகிறது. தரகு, வக்கீல் கட்டணம், அடமானத்துக்காகப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதற்கான எம்ஓடி பதிவு எல்லாம் இதற்கு மேல்.

புது வீட்டுக்கும் அதே 3 சதவீதக் கணக்கில் மாத வாடகை 13,750 வரும். தவணை 64,500. முதல் மாதத்தில் வட்டி மட்டுமே 50,000. இரண்டு வீட்டு வாடகையையும் சேர்த்தால் 38,750 ரூபாய், வட்டிக்கே போதவில்லை. கடன் வாங்குவதற்கு முன்பு மாதம் 25,000 ரூபாய் கையில் நின்றது. வாங்கிய பிறகு மாதம் 25,750 கையிலிருந்து போடவேண்டும். வருமானத்தைப் பெருக்கக் கிளம்பியவருக்கு மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் இறக்கம். குடி மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதங்கள், வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது, குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புத் தொகை எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. சொத்து வரியையும் சேர்க்கவில்லை. 2022-இல் தமிழக நகரங்களில் அது கட்டடத்தின் அளவைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது நினைவிருக்கும்.

3 சதவீதம் தரும் பொருளை 10 சதவீத வட்டிக்கு வாங்கினால் வேறு விடை வராது. வட்டியை 9 ஆக்குங்கள், காலத்தை 20 ஆண்டாக நீட்டுங்கள், பள்ளம் கொஞ்சம் தூரும், மூடாது. அமெரிக்காவில் இந்த முறை ஓரளவு ஓடுவதற்குக் காரணங்கள் உண்டு. அங்கே 30 ஆண்டுக்கு மாறாத வட்டியில் வீட்டுக்கடன் கிடைக்கிறது. பல ஊர்களில் வீட்டு விலையோடு ஒப்பிட்டால் வாடகை நம்மைவிட மிக அதிகம். வாடகை வீட்டுக் கட்டடத்தின் மதிப்பை இருபத்தேழரை ஆண்டுகளில் தேய்மானமாக வரியில் கழித்துக்கொள்ளலாம். 1997-இல் வந்த ராபர்ட் கியோசாகியின் 'ரிச் டாட் புவர் டாட்' அந்த மண்ணிலிருந்து பேசுகிறது. அதைப் படித்துவிட்டு மேடவாக்கத்தில் வீடு வாங்கச் சொல்பவர்கள், அந்த மூன்றும் இங்கே உண்டா என்று ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.

இங்கே அடமானக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டியில்தான். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. மேலே சொன்ன கடனில் வட்டி அதே இரண்டரை சதவீதம் ஏறினால் தவணை மாதம் 9,500 ரூபாய்போல் கூடும். குடியிருப்பவரிடம் போய், எனக்கு வட்டி ஏறிவிட்டது, நீங்களும் ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்க முடியுமா?

வட்டிக்கு வரிச்சலுகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் யாருக்கு? மேற்படி கணக்கில் முதல் ஆண்டு வட்டி 5 லட்சத்து 90 ஆயிரத்தைத் தாண்டும். இரண்டு வீட்டு வாடகையிலும் 30 சதவீதக் கழிவு போக மிஞ்சுவதிலிருந்து வட்டியைக் கழித்தால் இரண்டே முக்கால் லட்சத்தை ஒட்டி நட்டம் நிற்கும். பழைய வரிமுறையில் இருப்பவர், சம்பளம் போன்ற மற்ற வருமானத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் அந்த நட்டத்தைக் கழிக்கலாம். புதிய முறையில் அதுவும் கிடையாது. சாதாரண வருமானம் 12 லட்சம் வரை உள்ளவருக்குப் புதிய முறையில் 2025-26 முதல் வரியே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஓய்வூதியமும் ஒரு வீட்டு வாடகையும் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் பெரும்பாலும் வரியே கட்டாதவர். கட்டாத வரியில் அவருக்கு என்ன மிச்சம்?

"விலை ஏறும், அப்போது எல்லாம் சரியாகும்." இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த 55 லட்ச வீடு ஆண்டுக்கு 8 சதவீதம் விடாமல் ஏறினால் 15 ஆண்டில் ஒரு கோடியே 74 லட்சத்தைத் தொடும். இந்த ஏற்பாடு லாபம்தான். 6 சதவீதம் ஏறினால் ஒரு கோடியே 32 லட்சம். அதற்குள் நீங்கள் கட்டிய தவணை ஒரு கோடியே 16 லட்சம். வாடகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வைப்புநிதியில் போட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய அளவுதான் தேறும். விற்கும்போது, 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கிய வீடு என்றால், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையான ஓஎம்ஆரில் விலை ஆண்டுக்கணக்கில் நகராமல் நின்றதையும், 2020-இல் கொரோனா வந்து ஐடி ஊழியர்கள் ஊருக்குத் திரும்பியபோது அங்கே 'டு லெட்' பலகைகள் தொங்கியதையும் அந்தப் பக்கத்தில் வீடு வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்றால்தான் கிடைக்கும் பணத்தை மாத வருமானம் என்று சொல்லக்கூடாது. மாத்திரை வாங்கவும் மளிகைக்கும் மாதம்தோறும் காசு வேண்டியவருக்கு 15 ஆண்டுக்கு அப்பால் இருக்கும் லாபம் உதவாது.

வங்கியைத் தவிர்க்க நினைப்பவர்கள் ஒத்தியைக் காட்டுகிறார்கள்: மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் குடிவைப்பது. வீட்டை ஒத்திக்கு விட்டு 8 லட்சம் வாங்கினால் வட்டியில்லாப் பணம், அதைத் தொழிலிலோ நிலத்திலோ போடலாம் என்று. வட்டி இல்லை என்பது தவறு. 10,000 ரூபாய் வாடகைக்குப் போகும் வீட்டை 8 லட்சத்துக்கு ஒத்தி விட்டால், விட்டுக்கொடுக்கும் வாடகை ஆண்டுக்கு 1,20,000. அதுதான் வட்டி, 15 சதவீதம். வங்கி கேட்பதைவிட அதிகம். ஒத்திக் காலம் முடிந்ததும் முழுத் தொகையையும் எண்ணி வைக்க வேண்டும். நடைமுறையில் அடுத்து வருபவரிடம் வாங்கி முன்னவருக்குக் கொடுக்கிறார்கள், அடுத்தவர் அமையாத மாதத்தில் தகராறு தொடங்குகிறது. இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது: பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருக்க, அதே வீட்டை வெறும் முத்திரைத்தாளில் எழுதி ஒத்திக்கு விடுவது. வங்கி வீட்டை எடுக்க வந்தால், சேர்த்த பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கும் அந்தக் குடும்பம் தெருவில் நிற்கும். ஒத்திக்குப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்குள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்: "ஆபத்து என்றால் வங்கி கடன் கொடுக்குமா?" கொடுக்கும். ஒரு கோடி வீட்டின் பேரில் 60 லட்சம் கொடுக்கும்போது, உங்களால் கட்ட முடியாமல் போனாலும் விற்று எடுத்துக்கொள்ளலாம் என்ற இடைவெளியை அது தனக்கு வைத்துக்கொள்கிறது. தவணை 90 நாள் நிலுவையானால் வாராக்கடன். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே வங்கி சொத்தைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். ஏலத்துக்குப் போவது புதிதாக வாங்கிய வீடு அல்ல. அடமானத்தில் இருக்கும் பழைய வீடு, கடனே இல்லாமல் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அந்த வீடு.

சொத்தின் பேரில் கடனே கூடாதா என்றால், அப்படிச் சொல்லவில்லை. வாங்கும் வீட்டின் வாடகை ஏன் 3 சதவீதத்தில் நிற்கிறது? விலையில் பெரும்பங்கு மண்ணுக்குப் போகிறது, குடியிருப்பவர் வாடகை கொடுப்பது அறைகளுக்கு. ஏற்கெனவே உங்களுடையதாக இருக்கும் மண்ணின் மேல் ஒரு மாடி எழுப்பினால் கட்டடச் செலவு மட்டும்தான். 800 சதுர அடிக்கு, அடி 2,500 ரூபாய் என்றால் 20 லட்சம். அது மாதம் 15,000 வாடகைக்குப் போனால் போட்ட பணத்துக்கு 9 சதவீதம். வீட்டை விரிவாக்கும் கடன் எட்டரை சதவீதத்தில் 15 ஆண்டுக்குக் கிடைத்தால் தவணை 19,700 ரூபாய். குறையும் 4,700-ஐக் கீழ்வீட்டு வாடகை தாங்கும், ஆண்டுதோறும் வாடகை ஏற ஏற அந்தக் குறையும் சுருங்கும். அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், திட்ட அனுமதி கையில் இருக்க வேண்டும், தண்ணீர் வசதி போதுமானதாக இருக்க வேண்டும். இவை மூன்றும் சரியாக இருந்து, இரண்டு குடியும் சேர்ந்தாற்போல் நாலைந்து மாதம் காலியாகக் கிடந்தாலும் தவணை கட்டும் அளவுக்குக் கையிருப்பும் உள்ளவர்கள் அந்தக் கடனைத் தயங்காமல் வாங்கலாம்.