இடி இடிக்குது... "பிளக்"கைப் பிடுங்குங்க!

சேலம், நாமக்கல் பக்கம் கோடை மழை சும்மா வராது. இடி, மின்னலோடுதான் வரும். ஆசையாக வாங்கிய ரேடியோ, டி.வி., "ஆம்ப்ளிபயர்" எல்லாம் ஒரே நொடியில் புகைந்து விடும்.

"சுவிட்சை அணைச்சுட்டோமே!" என்பார்கள். சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி நூலளவு. மைல் கணக்கில் பாயும் மின்னலுக்கு அது தடையா? மேகம் கறுக்கும்போதே பிளக்கையும், கேபிள் ஒயரையும் கழற்றி விடுங்கள். இடி தொடங்கிய பிறகு தொடாதீர்கள். சாமான் போனால் வாங்கலாம், உயிர்?

இன்னொரு எமன் "நியூட்ரல்" கம்பி. காற்றில் அது அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரை பாயும். தெருவே காலி!

தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவது, உரசும் கிளையை வெட்டுவது எல்லாம் மழைக்கு முன்பே நடக்க வேண்டும். மின்வாரியத்தாரே, எரிந்த பிறகு ஓடி வந்து என்ன புண்ணியம்?