சிவப்பு மையில் அடிக்கப்பட்ட பெயர்கள்

சேர்க்கைக் காலத்தில் நம் கத்தோலிக்கக் கல்லூரிகளின் வாயிலில் திரளும் கூட்டத்தைக் கண்டு நாம் பெருமிதம் கொள்கிறோம். மறு ஆண்டு இரண்டாமாண்டு வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. பார்த்தால், சிவப்பு மையால் கோடிட்டு அடிக்கப்பட்ட பெயர்கள் கண்ணில் படும். மாற்றுச் சான்றிதழ் பெற்று முறையாக விடைபெற்றவர் சிலர். அதுகூட வாங்காமல், ஏதோ ஒரு திங்கட்கிழமை முதல் வராமற் போனவர் சிலர். காரணம் கேட்டால் 'குடும்பச் சூழ்நிலை' என்ற இரண்டு சொற்களோடு கோப்பு மூடப்படுகிறது.

கதவு திறந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி இந்தியாவின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. அரசுப் பள்ளிகளில் பயின்று கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் திங்கள்தோறும் 1000 ரூபாய் அளிக்க முன்வந்தன. நல்ல செயல், பேருந்துக்கும் புத்தகத்திற்கும் அந்தப் பணம் உதவும். ஆனால் நானூறு பேர் நடமாடும் வளாகத்தில் தன் பெயரைச் சொல்லி அழைக்க ஒருவரும் இல்லாத மாணவனுக்கு எந்த அரசும் நட்பை வங்கிக் கணக்கில் செலுத்த முடியாது.

மாணவர் நின்றுவிடுவதைத் தடுக்க நம் நிறுவனங்கள் கண்ட மருந்து என்ன? சிறப்பு வகுப்பு; அதற்கும் வராவிட்டால் அபராதம்; 75 விழுக்காடு வருகை குறைந்தால் பெற்றோரை அழைத்து வரச் சொல்வது. கூலி வேலைக்குச் செல்லும் தாய் ஒரு நாள் ஊதியத்தை இழந்து, துறைத் தலைவர் அறைக்கு வெளியே முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மகன் அந்தக் காட்சியை ஒரு முறை காண்கிறான். இரண்டாம் முறை காண்பதற்கு முன் படிப்பை விட்டுவிடுகிறான். வகுப்பறையில் அந்நியனாய் உணர்ந்தவனுக்கு மேலும் வகுப்பறையையே மருந்தாகத் தருவது என்ன வைத்தியமோ!

1984இல் அலெக்சாண்டர் ஆஸ்டின் என்ற அமெரிக்கக் கல்வியாளர் மாணவரின் ஈடுபாடு பற்றிய தம் கருத்தை வெளியிட்டார். விடுதியில் தங்குவோரும், வளாகத்திற்குள்ளேயே பகுதிநேரப் பணி செய்வோரும் படிப்பைத் தொடரும் வாய்ப்பு மிகுதி என்றும், வெளியே முழுநேர வேலை பார்ப்போர் நின்றுவிடும் வாய்ப்பே மிகுதி என்றும் அவர் கண்டார். 1987இல் வின்சென்ட் டின்ட்டோவும், பாடத்தோடு ஏற்படும் ஒட்டுறவைப் போலவே மனிதரோடு ஏற்படும் ஒட்டுறவும் மாணவனை நிலைநிறுத்துகிறது என்று எழுதினார். அமெரிக்கர் சொன்னதாலேயே அது வேதமாகிவிடாது. ஆனால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஓர் உண்மையான மனித சமூகமாக இருக்க வேண்டும் என்று 1990இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தம் திருத்தூது ஆவணத்தில் கேட்டுக்கொண்டாரே, அதையேனும் நாம் செவிமடுத்தோமா?

பிற்பகல் பிரிவின் நிலையைப் பாருங்கள். அரசு உதவி பெறும் வகுப்புகள் முற்பகலிலும், சுயநிதி வகுப்புகள் பிற்பகலிலும் நடக்கும் கல்லூரிகள் பல. முற்பகல் மாணவர் வகுப்பு முடிந்ததும் தமிழ் மன்றம் கூடுகிறது. நாடகக் குழு ஒத்திகை பார்க்கிறது. விளையாட்டுத் திடலில் பந்து உருள்கிறது. அந்நேரத்தில் பிற்பகல் மாணவன் வகுப்பறைச் சன்னல் வழியே அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் வகுப்பு முடியும்போது பொழுது சாய்ந்துவிடும். நூலகத்தில் விளக்கு அணைக்கப்பட்டிருக்கும். ஊருக்குச் செல்லும் பேருந்தைப் பிடிக்க அவன் ஓட வேண்டும். மிகுதியான கட்டணம் செலுத்துகிறவனுக்குக் கல்லூரியில் மிகக் குறைந்த பங்கு! இந்தக் கால அட்டவணையை வகுத்தது விதியன்று, நம் நிர்வாகங்களே.

மன்றங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் யார்? நகரத்து ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து வந்த அதே இருபது முகங்கள். தமிழ்வழியில் பயின்று வந்தவனுக்கு நாற்காலி அடுக்கும் பணி. 1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் இரண்டாண்டுகளில் 240 மணி நேரத் தொண்டைக் கேட்கிறது. உண்மையாய் நடந்த ஒரு வார முகாமில், ஏரிக்கரையில் மண் சுமந்தும், ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பகிர்ந்தும் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் எளிதில் நின்றுபோக விடமாட்டார்கள். ஆனால் தர மதிப்பீட்டுக் குழுவுக்கு இடக்குறிப்புடன் கூடிய படங்கள் வேண்டுமாம். ஆகவே மரக்கன்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டதும் முகாம் முடிந்துவிடுகிறது. 1924இல் தோன்றிய ஐக்கஃப் போன்ற நம் சொந்த மாணவர் இயக்கத்திற்கு எத்தனை கல்லூரிகளில் ஓர் அறையும், நேரம் ஒதுக்கப்பட்ட ஒரு பேராசிரியரும் இருக்கிறார்கள்?

"போனோமா, படித்தோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும்" என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவது பெற்றோராகிய நம் வழக்கம். பெண் பிள்ளை எனில் அந்த அறிவுரை கட்டளையாகிறது. அச்சம் புரிகிறது, மாலையில் பாதுகாப்பான பேருந்து இல்லாத ஊரில் அது வீண் அச்சமும் அன்று. அப்படியானால் பேருந்தைக் கேட்போம். மன்றத்தைப் பகலில் கூட்டச் சொல்வோம். வகுப்பு முடிந்த நொடியே வீடு திரும்பும் பெண், முதல் தேர்வில் தோற்றதை யாரிடம் சொல்வாள்? வரன் வந்த நாளில் 'படிப்பை முடித்துவிடு' என்று அவளுக்காக வாதாட எந்தத் தோழி வீடு தேடி வருவாள்?

வறுமைக்கு நாடகக் குழு விடையாகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஆகாது. இரவெல்லாம் திருமண மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு வருகிறவனைக் கால்பந்து காப்பாற்றாது. ஆனால் அதே மாணவனுக்கு நூலகத்திலோ ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ நாளொன்றுக்கு இரண்டு மணி நேரப் பணியும் நியாயமான ஊதியமும் தரலாமே. புதிய முகப்பு வளைவுக்குக் கிடைக்கும் நிதி இதற்குக் கிடைக்காதா?

ஆட்சிக்குழுக்களிலும், பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும், முன்னாள் மாணவர் மன்றத்திலும் பொதுநிலையினராகிய நாம் அமர்ந்திருக்கிறோம். நன்கொடைச் சீட்டு நீட்டப்படும்போது மறுக்காமல் கொடுக்கிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு கணக்கைக் கேட்போம். சென்ற ஆண்டு சேர்ந்தவர் எத்தனை பேர்; அவர்களுள் இன்று இரண்டாமாண்டில் அமர்ந்திருப்பவர் எத்தனை பேர்; பிற்பகல் பிரிவில் அந்த எண் என்ன; நின்றுபோனவர்களுள் ஏதேனும் ஒரு மன்றத்திலோ அணியிலோ இடம் பெற்றிருந்தவர் எத்தனை பேர்? முதல் மூன்று கேள்விகளுக்கு அலுவலகம் விடை தந்துவிடும். நான்காவது கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் விடை இராது. அந்தப் பதிவேட்டை இவ்வாண்டே தொடங்கச் சொல்வோம்.