குட்டை மாதுளையின் புளிப்பு

பெங்களூரின் மாடித் தோட்டங்களில் தொட்டிச் செடியாக வளரும் குட்டை மாதுளை, பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டாத, செம்மஞ்சள் பூக்களுக்காகவே விரும்பப்படும் அலங்காரப் புதர்ச்செடியாகும். தாவரவியலார் 'நானா' என்று குறிக்கும் இவ்வகையின் சிறிய கனி கடும் புளிப்புடையதாதலால், இதைப் பழச்செடியாக மதிப்போர் குறைவு. ஆயினும் அந்நகரை ஒட்டிய ஹெசரகட்டாவில் 1967-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், பிறர் குறையாகக் கண்ட அந்தப் புளிப்பையே பயனாக்கிக்கொண்டது. மகாராஷ்டிரத்தின் புகழ்பெற்ற மென்விதை ரகமான கணேஷுடன் குட்டை மாதுளையைக் கலந்து அங்கு உருவாக்கப்பட்ட 'அம்லிதானா' ரகம், அனார்தானாவுக்கென்றே, அதாவது வட இந்தியச் சமையலில் புளியின் இடத்தை வகிப்பதும் செரிமானத்துக்கு உகந்ததாகக் கொள்ளப்படுவதுமான உலர்ந்த மாதுளை முத்துகளுக்கென்றே, வளர்க்கத் தக்கதாயிற்று. அதுவரை அப்பொருளுக்குப் பெரிதும் இமயமலைச் சரிவுகளின் காட்டு மாதுளையையே நம்ப வேண்டியிருந்தது.

பூ உதிர்கிறதே என்று வருந்துவோர் மாதுளையின் இயல்பை அறிதல் நலம். ஒரே செடியில் சூலகம் முழுமையாக வளர்ந்த குடுவை வடிவப் பூக்களும், அது வளர்ச்சி குன்றிய மணி வடிவப் பூக்களும் கலந்தே தோன்றுகின்றன; முன்னவை காயாகும், பின்னவை மகரந்தம் தந்து உதிரும். இதழ்கள் அடுக்கடுக்காக அமைந்த பூ மாதுளையோ பொதுவாகக் காய்ப்பதேயில்லை. இனிப்பு ரகங்களை எதிர்பார்க்கும் பெங்களூர்வாசிக்கு மழை இன்னொரு தடை. வறண்ட காற்றை விரும்பும் இப்பயிர் விஜயபுரா, கொப்பள், சித்ரதுர்கா ஆகிய மாவட்டங்களில் செழிக்க, ஈரம் மிகுந்த இடங்களிலோ பாக்டீரியா கருகலுக்கு ஆளாகிறது, ஒழுங்கற்ற நீரால் காய் வெடிக்கவும் செய்கிறது. மாடியில் சந்தைப் பழத்துக்கு ஈடானதைத் தேடுவது வீண் உழைப்பென்றே சொல்ல வேண்டும். பூவுக்கும் ஒரு பிடி புளிப்பு முத்துக்கும் குட்டை மாதுளையே போதும்.

மருத்துவத்தில் இதன் உறுப்புகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. சாற்றை இனிப்புடன் சேர்த்துப் பாகாகக் காய்ச்சும் மாதுளை மணப்பாகு, சித்த மருத்துவத்தில் வாந்திக்கும் இரத்தக் குறைவுக்கும் வழங்கப்படுகிறது. பழத்தோல், திசுக்களைச் சுருக்கும் துவர்ப்புப் பொருளான டானின் மிகுந்திருப்பதால், வயிற்றுப்போக்குக்கு உரியதாயிற்று. வேர்ப்பட்டையிலுள்ள பெல்லட்டியரின் என்னும் காரப்பொருள் முற்காலத்தில் நாடாப்புழுவை வெளியேற்றப் பயன்பட்டதெனினும், அளவு மிஞ்சினால் அது நஞ்சாகும். ஆதலின் தொட்டிச் செடியின் பட்டையை உரித்துக் கைவைத்தியமாகக் கஷாயம் வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.